கூலிச் சண்டையின் மொழி: மைக்கேல் ஹூயும் கான்டனீஸ் சினிமாவும்

1

1972-இல் ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழிப் படம் ஏறக்குறைய ஒன்றுகூட வெளிவரவில்லை. நகரத்தின் பெரும்பான்மையோர் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி அது. கொட்டகைக்குள் நுழைந்தால் மட்டும் மாண்டரின். புரூஸ் லீ சிறுவயதில் கான்டனீஸ் படங்களில் நடித்து வளர்ந்தவர்தான். ஆனால் 1971-72இல் அவரை நட்சத்திரமாக்கிய படங்கள், அவர் ஊர்க்காரர்களுக்கே மாண்டரின் குரலில்தான் கேட்டன.

ஐம்பதுகளில் நிலைமை வேறு. கான்டனீஸ் படங்கள் மலிவாகவும் வேகமாகவும் நூற்றுக்கணக்கில் வந்தன. பிறகு ஷா சகோதரர்கள் போன்ற பெரிய கம்பெனிகள் தைவானையும் தென்கிழக்காசியாவையும் குறிவைத்து வண்ணத்தில், பெருஞ்செலவில் மாண்டரின் படம் எடுத்தார்கள். 1967-இல் இலவசத் தொலைக்காட்சி வந்தது. கான்டனீஸ் வீட்டுக்குள்ளேயே ஓசியில் கிடைக்கும்போது காசு கொடுத்து எவன் கொட்டகைக்குப் போவான்?

இந்த மொழி திரையரங்கிற்குத் திரும்பி வந்ததைப் பற்றி இன்று ஒரு வழக்கமான கதையாடல் உண்டு. 1973-இல் சோர் யுவென் இயக்கிய ‘எழுபத்திரண்டு குடித்தனக்காரர்கள் வீடு’ கான்டனீஸில் வந்து, ஹாங்காங் வசூலில் ‘என்டர் தி டிராகனையே’ முந்தியது. 1974-இல் மைக்கேல் ஹூயின் முதல் படம் வந்தது. அதே ஆண்டு, அதுவரை ஆங்கிலம் மட்டுமே ஆட்சிமொழியாக இருந்த காலனியில் சீனமும் ஆட்சிமொழி ஆனது. ஆக, தாய்மொழி விழித்துக்கொண்டது, ஹாங்காங் என்கிற அடையாளம் பிறந்தது. கதை இப்படி முடிகிறது.

இது பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இதில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. திரும்பி வந்த மொழி வாய் திறந்து என்ன பேசியது?

2

ஹூய் 1942-இல் குவாங்டோங் மாகாணத்தில் பிறந்தவர். 1949 புரட்சியை ஒட்டி எல்லை தாண்டி வந்த லட்சக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தார். டிவிபி தொலைக்காட்சியில் பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா நடத்தினார். 1971-இல் தம்பி சாமுடன் சேர்ந்து நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கினார். 1972-இல் லீ ஹான்-ஷியாங் இயக்கிய ‘தி வார்லார்ட்’ படத்தில் யுத்தப் பிரபுவாக நடித்து சினிமாவுக்கு வந்தார். ஷா கம்பெனி தயாரித்த மாண்டரின் படம் அது.

சொந்தமாக இயக்கத் தொடங்கியபோது ஷாவை விட்டு கோல்டன் ஹார்வெஸ்டுக்குப் போனார். சம்பளக்காரராகப் போகவில்லை. லாபத்தில் பங்கு என்ற ஏற்பாட்டில், சொந்தக் கம்பெனியோடு போனார். கூலி உறவைப் பற்றிப் படமெடுத்தவர் அந்த உறவின் எந்தப் பக்கத்தில் நின்றார் என்ற கேள்வி பின்னால் வரும்.

3

முதல் படம் ‘கேம்ஸ் கேம்ப்ளர்ஸ் ப்ளே’ (1974). சிறையில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு ஏமாற்றுக்காரர்கள் சூதாட்டத்தில் பிழைக்கப் பார்க்கிறார்கள். வசூல் 60 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல். அதுவரை எந்தப் படமும் அங்கே அவ்வளவு சம்பாதித்ததில்லை. சூது அன்று வெறும் கதைப்பொருளாக இருக்கவில்லை. 1973 மார்ச்சில் 1,774 புள்ளிகளைத் தொட்ட ஹாங் செங் பங்குக் குறியீடு 1974 டிசம்பரில் 150-க்கு விழுந்தது. சேமிப்பைப் பங்கில் போட்டுத் தொலைத்த குமாஸ்தாக்களும் சிறு கடைக்காரர்களும் நிறைந்த ஊரில், சீட்டிலும் மாஜோங்கிலும் மோசடி செய்கிறவன் அந்நியனாகத் தெரிந்திருப்பானா? பெரிய அளவில் ஆடுகிறவனுக்கு முதலீட்டாளன் என்று பெயர். சின்ன அளவில் ஆடுகிறவன் ஜெயிலுக்குப் போகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

1976-இல் வந்த ‘தி பிரைவேட் ஐஸ்’ தான் ஹூயின் முக்கியமான பிரதி. சீனத் தலைப்பின் நேர்ப்பொருள் ‘அரைக் கட்டி, எட்டு டேல்’. பழைய எடைக் கணக்கில் ஒரு கட்டிக்குப் பதினாறு டேல். ஆகவே அரைக் கட்டியும் எட்டு டேலும் ஒன்றே. ‘இரண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லும் வழக்கு இது. ஹூய் ஒரு துப்பறியும் அலுவலக முதலாளி, மகா கஞ்சன். சாம் அவரிடம் வேலைக்கு வருகிறவன். இன்னொரு தம்பி ரிக்கி அங்கே எடுபிடி. கூலி பிடிப்பது, வேலை வாங்குவது, மட்டம் தட்டுவது என்று ஓடும் படத்தில் குற்றவாளியைத் துப்பறிவதுகூட இரண்டாம்பட்சமாகிறது. உழைப்புக்கும் கூலிக்கும் ஈடு இல்லை என்று தொழிலாளி புலம்பும் தலைப்புப் பாட்டைச் சாம் பாடினார். ஏட்டு நடைச் சீனத்தில் எழுதாமல் தெருப் பேச்சில் எழுதப்பட்ட பாட்டு. தராசு சமம் என்று தலைப்பு சொல்லும். எங்கே சமம் என்று பாட்டு கேட்கும்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய ஹாங்காங் படங்களில் வசனம் கான்டனீஸில் ஒலிக்கும். அடியில் எழுத்து, ஏட்டுச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஓடும். காதுக்கு ஒரு மொழி, கண்ணுக்கு வேறு மொழி. வசவும் சிலேடையும் எழுத்தில் ஏறுவதில்லை. உள்ளூர்க்காரன் சிரிக்கிற இடம் எழுத்துக்கு வெளியே இருக்கிறது.

அதே படத்தில் ஒரு சமையலறைச் சண்டை. ஹூய் சாஸேஜ் சரத்தை நஞ்சக்குவைப்போலச் சுழற்றுகிறார். புரூஸ் லீ இறந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இன மானத்தை மீட்கும் இரும்பு உடம்பு என்ற பெரும் பிம்பம், வயிற்றுப்பாட்டுக்கு அல்லாடும் ஒரு தொப்பைக்காரனின் கையில் தின்பண்டமாகிறது. அந்த வீரனால் வாடகை கட்ட முடியாது என்பது கூட்டத்துக்குத் தெரியும்.

4

இங்கே 1967-ஐ நினைவில் கொள்ளவேண்டும். அந்த ஆண்டு மே மாதம் சான் போ காங்கில் ஒரு பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையில் எழுந்த தொழில் தகராறு, காலனிய அரசுக்கு எதிரான கலகமாக மாறியது. இடதுசாரிகள் குண்டு வைத்தார்கள். போலீஸ் சுட்டது. 51 பேர் இறந்தார்கள். கலகம் அடங்கியபோது இடதுசாரித் தொழிற்சங்கங்கள் வெகுசன ஆதரவைப் பெருமளவு இழந்திருந்தன. கூலிப் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அதைப் பொதுவெளியில் பேசும் மொழிதான் பழுதுபட்டுப் போயிருந்தது.

அந்த வெற்றிடத்தில் ஹூயின் சிரிப்பு வந்து உட்கார்ந்தது என்பதே என் வாதம். அதனால்தான் அவருடைய கான்டனீஸ் பெருமிதம் பேசுவதில்லை. அது கணக்குப் பேசுகிறது, பேரம் பேசுகிறது, சபிக்கிறது. முதலாளி மாண்டரினிலும் தொழிலாளி கான்டனீஸிலும் பேசியிருந்தால் விஷயம் சுலபம்; மொழிப் போர் என்று முடித்துவிடலாம். இவர் படங்களில் சுரண்டுகிறவனும் சுரண்டப்படுகிறவனும் ஒரே கொச்சையில் பேசுகிறார்கள். போதாததற்கு நிஜ அண்ணன் தம்பிகள் வேறு. நம்ம ஆள் நம்ம பாஷையிலேயே நம்ம கூலியைப் பிடிக்கிறான். ‘ஹாங்காங் அடையாளம்’ என்ற சொல்லாடல் மறைக்க முயலும் பிளவு இதுதான்.

சிரிப்பின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். கூட்டாகப் போராடும் தொழிலாளியை இந்தப் படங்களின் மையத்தில் காணமுடியாது. ஆளாளுக்குத் தந்திரம், ஆளாளுக்குத் தப்பித்தல். ‘தி கான்ட்ராக்ட்’ (1978) படத்தின் நாயகன் தொலைக்காட்சி நிறுவனத்தின் நீண்டகால ஒப்பந்தத்தில் சிக்கிய நடிகன். பெட்டகத்தில் இருக்கும் அந்தக் காகிதத்தைத் திருடுவதுதான் அவனுக்குத் தெரிந்த விடுதலை. வெள்ளை அதிகாரம் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது. பெண்கள் பல இடங்களில் அலங்காரமாகவோ, ‘டெப்பன்யாகி’யில் (1984) வருவதைப்போல அடக்கி ஆளும் மனைவியாகவோ சுருங்குகிறார்கள். தொழிலாளியின் கோபம் இவ்வளவு துல்லியமாகக் கேட்கும் காதுக்கு வீட்டுக்குள் நடக்கும் உழைப்பு கேட்கவில்லை.

இந்தக் கஞ்ச முதலாளியை நடித்தவரே நிஜத்தில் படக்கம்பெனி வைத்திருந்தவர். அதை மறைக்காமல், வெறுக்கத்தக்க பாத்திரத்தைத் தனக்கே எழுதிக்கொண்டதில்தான் இந்தப் படங்களின் நேர்மை இருக்கிறது. வேறு நடிகன் முதலாளியாகவும் ஹூய் பாவப்பட்ட தொழிலாளியாகவும் வந்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

5

1981-இல் வந்த ‘செக்யூரிட்டி அன்லிமிடெட்’, முதலாவது ஹாங்காங் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறந்த நடிகர் பரிசைத் தந்தது. அதற்குப் பின் சாம் வேறு கம்பெனிப் படங்களுக்குப் போனார். மூவரும் முழுநீளப் படத்தில் மறுபடி சேர 1990 ஆனது. 1988-இன் ‘சிக்கன் அண்ட் டக் டாக்’ படத்தில் ஹூய் அழுக்கடைந்த பழைய வாத்து வறுவல் கடைக்காரர். எதிரே பளபளப்பான கோழி வறுவல் சங்கிலிக் கடை வருகிறது. ‘கோழியும் வாத்தும் பேசிக்கொள்வது’ என்றால் கான்டனீஸில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காத நிலை. இப்போது பிளவு முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையே. சிறு முதல், பெரு முதல். ஹூய் பழைய கடையைப் புனிதப்படுத்தவில்லை. சுகாதார அதிகாரி வந்தால் மாட்டிக்கொள்ளும் கடைதான் அது.

தொண்ணூறுகளில் ஸ்டீபன் சோவின் தலைகால் புரியாத நகைச்சுவை அரங்கைப் பிடித்துக்கொண்டது. 1997-இல் காலனி கைமாறியது. கான்டனீஸின் எதிர்காலமே கேள்வியானது. 2010-இல், தொலைக்காட்சியை மாண்டரினுக்கு மாற்றலாம் என்ற யோசனையை எதிர்த்து குவாங்சோவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மொழியைக் காக்கவேண்டும் என்ற குரல் இன்று நியாயமானது. அதனாலேயே, அந்த மொழிக்குள் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதை மறக்கும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

2024-இல், 82 வயதில், ஆன்செல்ம் சான் இயக்கிய ‘தி லாஸ்ட் டான்ஸ்’ படத்தில் இறுதிச் சடங்கு செய்யும் தாவோ பூசாரியாக ஹூய் நடித்தார். உள்ளூர்ப் படங்களின் வசூல் சாதனையை அது முறியடித்தது. அவர் இயக்கிய படம் இல்லை. நகைச்சுவைப் படமும் இல்லை. ஆனாலும் பழைய முதலாளி முகம் உள்ளே தெரிகிறது. இந்தத் தொழில் ஆணுக்குத்தான் என்று பிடிவாதம் பிடிக்கும் தகப்பன் அவர். மகனுக்கு அதில் ஒட்டுதல் இல்லை, மகளுக்கு உரிமை இல்லை. கடைசியில் அவருக்கான சடங்கை மகளும் சேர்ந்து செய்கிறாள். எழுபதுகளின் ஹூய் படங்கள் கூலியைப் பற்றிக் கேட்டு, பெண்ணைப் பற்றிக் கேட்காமல் விட்டதை, வேறொருவர் எழுதிய பாத்திரம் அவர் உடம்பின் மீதே கேட்கிறது. அவரும் அதற்கு உடம்பைக் கொடுத்திருக்கிறார்.