அமெரிக்காவில் 'பேரிடர்' என்று யார் சொல்கிறார்கள்? – ஒரு கையெழுத்தின் வரலாறு

1887 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி குரோவர் கிளீவ்லேண்டின் மேசைக்கு ஒரு மசோதா வந்தது. டெக்சாஸில் கடும் வறட்சி. சில கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வச்சுக்கலாம்) விவசாயிகளிடம் அடுத்த போகத்துக்கு விதைக்கக்கூட தானியம் இல்லை. விதை வாங்கிக் கொடுக்க 10,000 டாலர் ஒதுக்கலாம்னு காங்கிரஸ், அதாவது அவங்க நாடாளுமன்றம், முடிவு பண்ணியிருந்தது. அந்தக் காலத்துக்கும் அது பெரிய பணம் இல்லை. ஆனால் கிளீவ்லேண்ட் கையெழுத்துப் போட மறுத்துட்டார்.

அவர் சொன்ன காரணம் சுருக்கமா இதுதான்: இப்படிச் செலவழிக்க அரசியல் சாசனத்தில் இடமில்லை. மக்கள்தான் அரசாங்கத்தைத் தாங்கணுமே தவிர, அரசாங்கம் மக்களைத் தாங்கக் கூடாது. சக குடிமக்களின் தர்ம சிந்தனை பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்கு அமெரிக்காவில் ஒரு புயல் அடித்தால், தண்ணீர் வடிவதற்கு முன்னாடியே "ஜனாதிபதி பேரிடர் அறிவிப்பில் கையெழுத்திட்டார்" என்று செய்தி வருகிறது. கோடிக்கணக்கான டாலர் போகிறது. கிளீவ்லேண்டின் 'முடியாது'விலிருந்து இந்தக் கையெழுத்து வரை எப்படி வந்தாங்க? இதைத் தேடப் போனப்ப கிடைத்த சங்கதிகள்தான் இந்தப் பதிவு.

தீ விபத்தும் சுங்க வரியும்

கிளீவ்லேண்ட் அப்படிச் சொன்னாலும், அவருக்கு முன்னாடி யாரும் கொடுத்ததே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 1802 டிசம்பரில் நியூ ஹாம்ஷயரின் போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரம் தீப்பிடித்து எரிந்தது. 1803ல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, அங்கிருந்த வணிகர்கள் கட்ட வேண்டிய சுங்க வரிக்குக் கூடுதல் அவகாசம் கொடுத்தது. அமெரிக்க மத்திய அரசின் முதல் பேரிடர் உதவி என்று பொதுவாக இதைத்தான் காட்டுகிறார்கள். கவனிச்சீங்கன்னா, பணம் எதுவும் கொடுக்கலை. வாங்க வேண்டியதைத் தள்ளி வாங்கினாங்க, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு 1950 வரை நூற்றுக்கும் மேற்பட்ட தடவை இப்படித் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் தனி மசோதா, தனி விவாதம், தனி ஓட்டெடுப்பு. உங்க ஊர் உறுப்பினருக்குச் செல்வாக்கு இருந்தா கிடைக்கும். இல்லைன்னா செஞ்சிலுவைச் சங்கம்தான் கதி. 1881ல் கிளாரா பார்ட்டன் தொடங்கிய அந்தச் சங்கம் 1889 ஜான்ஸ்டவுன் வெள்ளத்தில் பெரிய அளவில் களமிறங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போன வெள்ளம் அது.

1927: கஜானா நிறைஞ்சிருந்தும்

இந்த ஏற்பாடு எவ்வளவு பலவீனமானதுன்னு காட்டியது 1927 மிசிசிப்பி வெள்ளம். கரைகள் வரிசையாக உடைந்தன. சுமார் 27,000 சதுர மைல் தண்ணீருக்குள் போனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அந்த வருடம் மத்திய பட்ஜெட்டில் உபரி வேற இருந்தது.

ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜ் என்ன செய்தார்? வெள்ளப் பகுதிக்கு வந்து பாருங்கன்னு திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் போகவில்லை. வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவரை நிவாரணத்துக்குத் தலைவராகப் போட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கான செலவு பெரும்பாலும் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நன்கொடையிலிருந்து போனது.

உள்ளூர் ஆட்கள் கையில் நிவாரணத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே வெள்ளம் உதாரணம். மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில்லில் ஆயிரக்கணக்கான கறுப்பினக் குத்தகை விவசாயிகளைக் கரை மேட்டு முகாம்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். வெளியே விட்டால் திரும்பி வர மாட்டார்கள், பருத்திக் காட்டுக்கு ஆள் கிடைக்காது என்ற பயம். துப்பாக்கிக் காவலோடு கரையில் வேலை வாங்கினார்கள். புகார்கள் எழுந்ததும், டஸ்கீகி கல்லூரித் தலைவர் ராபர்ட் மோட்டன் தலைமையில் ஹூவர் ஒரு குழு போட வேண்டி வந்தது.

அடுத்த வருடம், 1928ல், வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கரைகளை மத்திய அரசு பொறுப்பேற்றது. கரைக்குப் பொறுப்பேற்ற அரசு, கரை உடைந்து வீடு போனவனுக்கு ஏற்கவில்லை. அதற்கு இன்னும் பல வருடம் ஆனது.

1950: சத்தமில்லாமல் வந்த ஒரு சட்டம்

பெரிய திருப்பம் ஒரு சின்னச் சட்டத்தில் நடந்தது. 1950ல் ரெட் ரிவர் ஆற்று வெள்ளம் மின்னசோட்டாவைத் தாக்கியது. அந்த மாநிலத்தின் ஹெரால்ட் ஹேகன் என்ற உறுப்பினர் முன்நின்று கொண்டுவந்த பேரிடர் நிவாரணச் சட்டத்தில் 1950 செப்டம்பர் 30 அன்று ட்ரூமன் கையெழுத்திட்டார். ஒதுக்க அனுமதித்த தொகை 50 லட்சம் டாலர். உள்ளாட்சிகளின் ரோடு, பாலம் மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான். தனிமனிதர்களுக்குப் பைசா கிடையாது.

ஆனால் இந்தச் சட்டம் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. மாநில கவர்னர் (அங்கே கவர்னர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்ம முதலமைச்சர் மாதிரி) "எங்களால் சமாளிக்க முடியலை" என்று சான்றளித்துக் கேட்கணும். எங்க பங்குக்கு நாங்களும் செலவழிக்கிறோம்னு உறுதி கொடுக்கணும். ஜனாதிபதி 'பேரிடர்' என்று அறிவிக்கணும். அறிவித்த உடனே கஜானா திறக்கும். காங்கிரஸிடம் ஒவ்வொரு தடவையும் போய் நிற்க வேண்டாம்.

அதாவது, 531 பேர் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு ஒரே ஒருவரின் பேனாவுக்கு வந்துவிட்டது. எழுபத்தைந்து வருடம் கழித்தும் அடிப்படை வடிவம் இதேதான்.

அந்தப் பேனாவின் கணக்கை இப்போது வைத்திருக்கும் அமைப்பு ஃபீமா. 1979ல் ஜிம்மி கார்ட்டர் காலத்தில், பல துறைகளில் சிதறிக் கிடந்த வேலைகளைச் சேர்த்து உருவானது. அவங்க பட்டியலில் எண் 1 என்று இருப்பது 1953 மே 2 அன்று ஐசனோவர் அறிவித்த ஜார்ஜியா சூறாவளிச் சேதம். அந்த வரிசை எண் இப்போது நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

கை நீண்டுகொண்டே போனது

1965ல் பெட்சி புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. லூசியானாவின் செனட்டர் ரஸ்ஸல் லாங் போன் போட்டு வற்புறுத்த, ஜனாதிபதி ஜான்சன் அன்றைக்கே விமானம் ஏறினார். மின்சாரம் இல்லாத பள்ளிக்கூட முகாமில், இருட்டில் டார்ச் வெளிச்சத்தைத் தன் முகத்தில் அடிக்கச் சொல்லி, நான்தான் உங்கள் ஜனாதிபதின்னு அறிமுகப்படுத்திக்கொண்டார். கூலிட்ஜுக்கும் இவருக்கும் நடுவே 38 வருடம்தான்.

1970 சட்டத்தில் தற்காலிக வீடு, வேலையிழந்தோருக்கு உதவி எல்லாம் சேர்ந்தது. 1974 ஏப்ரலில் ஒரே நாளுக்குள் 148 சூறாவளிகள் அடித்த பிறகு வந்த சட்டத்தில் குடும்பங்களுக்கு நேரடி மானியமும் வந்தது. 'பெரும் பேரிடர்', 'அவசரநிலை' என்று இரண்டு வகை பிரித்ததும் அதில்தான். கார்ட்டர் 1978ல் லவ் கெனால் ரசாயனக் கழிவுப் பிரச்சனைக்கு 'அவசரநிலை' அறிவித்தார். இயற்கை மட்டுமே பேரிடர் இல்லை என்றாகிவிட்டது.

இப்போது நடைமுறையில் இருப்பது 1988ன் ஸ்டாஃபோர்ட் சட்டம். வெர்மான்ட் செனட்டர் ராபர்ட் ஸ்டாஃபோர்ட் பெயரில். பெரும் பேரிடரில் ரோடு, பாலம், பள்ளிக்கூடம் சீரமைப்பில் குறைந்தது 75 சதவீதம் மத்திய அரசு தரும்.

நம்ம ஊரில் ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் "தேசியப் பேரிடராக அறிவி" என்ற கோரிக்கை எழும். இந்தியாவின் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் அப்படி அறிவிக்க ஒரு பிரிவே கிடையாது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்ட மதிப்பு இருக்கிறது. அதனாலேயே அதை யாருக்குச் சொல்வது என்பது அங்கே இவ்வளவு பெரிய விஷயம்.

ஃபார்முலா வேண்டாம் என்ற சட்டம்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் பட்டது இந்த இடம்தான். பேரிடரா இல்லையான்னு முடிவு செய்ய ஒரு ஃபார்முலா வைத்தால் என்ன? 1986ல் ஃபீமா அதைத்தான் முயன்றது. சேதத்தை மாநில மக்கள்தொகையால் வகுத்து, தலைக்கு ஒரு டாலர் என்பதை மையமாக வைத்து ஒரு விதியை முன்வைத்தது. கூடவே மத்திய அரசின் பங்கையும் குறைக்கப் பார்த்தது. காங்கிரஸில் பலத்த எதிர்ப்பு. 1988 சட்டத்தில் ஒரு பிரிவையே சேர்த்துட்டாங்க: வருமானத்தையோ மக்கள்தொகையையோ வைத்த கணக்குச் சூத்திரத்தை மட்டும் காரணம் காட்டி எந்தப் பகுதிக்கும் உதவியை மறுக்கக் கூடாது.

ஃபார்முலா செத்துப்போச்சான்னா, இல்லை. அதே ஒரு டாலர் 'குறியீடு' என்ற பெயரில், பரிசீலிக்கும் பல காரணிகளில் ஒன்றாக உயிரோடு இருக்கிறது. 1999 வரை அதை விலைவாசிக்கேற்ப ஏற்றவே இல்லை. இப்போது 1.90 டாலர் அளவில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெக்சாஸில் சுமார் 2.9 கோடிப் பேர். குறியீட்டை எட்ட ஏறக்குறைய 5.5 கோடி டாலர் சேதம் வேணும். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 11 லட்சம் டாலர் போதும். பெரிய மாநிலத்தின் ஒரு மூலையில் ஒரு சின்ன ஊர் முழுசா அழிந்தாலும், மாநிலக் கணக்கில் அது தூசியாகத் தெரியலாம். காங்கிரஸ் பயந்ததில் நியாயம் இருக்கு.

ஆனால் ஃபார்முலா இல்லைன்னா அதன் இடத்தில் என்ன வரும்? விருப்புரிமை. காரெட், சோபெல் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2003ல் வெளியிட்ட ஆய்வில், பேரிடர் நிவாரணத்தில் கிட்டத்தட்ட பாதிக்குத் தேவையைவிட அரசியலே காரணம் என்று சொன்னார்கள். ஆண்ட்ரூ ரீவ்ஸ் 2011ல், தேர்தலில் இழுபறியாக இருக்கும் மாநிலங்களுக்கு அறிவிப்புகள் அதிகம் கிடைப்பதைக் காட்டினார்.

2024 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தைப் புயல் தாக்கியது. மாநிலம் சொன்ன சேதம் சுமார் 3.4 கோடி டாலர், அதாவது குறியீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 2025 ஏப்ரலில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் சூறாவளி அடித்த ஆர்கன்சாவுக்கும் அதே ஏப்ரலில் முதலில் மறுப்புதான் வந்தது. ஜனாதிபதியின் சொந்தக் கட்சி ஆளும் மாநிலம் அது. மேல்முறையீடு செய்த பிறகு மே மாதம் கிடைத்தது. மேல்முறையீடும் யாரிடம்? அதே ஜனாதிபதியிடம்தான்.

கையெழுத்து மட்டும் போதுமா?

போதாது. கத்ரீனா கரையைத் தொட்டது 2005 ஆகஸ்ட் 29. லூசியானாவுக்கான அவசரநிலை அறிவிப்பில் புஷ் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 27. இரண்டு நாள் முன்னாடியே! பேனா சரியாகத்தான் ஓடியது. பஸ், தண்ணீர், ஆட்கள்தான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அறிவிப்பு பணத்தைத்தான் திறக்கும். அதை ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நிர்வாகம் வேணும்.

2020ல் கோவிட் வந்தபோது 50 மாநிலங்களும் ஒரே நேரத்தில் பெரும் பேரிடர் அறிவிப்பின் கீழ் வந்தன. கடைசியாகச் சேர்ந்தது வயோமிங். அமெரிக்க வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்குத் தோன்றியது: கிளீவ்லேண்டின் கொள்கை தோற்றுவிட்டது, ஆனால் முழுசாகத் தோற்கவில்லை. அரசாங்கம் உதவணும் என்பது நிலைத்துவிட்டது. அது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று மட்டும் இன்னும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டில் தண்ணீர் புகுந்தவர் கேட்க முடியாது, அவருக்காக கவர்னர் கேட்கணும், ஜனாதிபதி மனசு வைக்கணும்.

முழு ஃபார்முலாவும் ஆபத்து, முழு விருப்புரிமையும் ஆபத்து. என் சின்ன மூளைக்கு எட்டிய யோசனை ஒன்றுதான்: மறுக்கலாம், ஆனால் எந்தக் காரணியில் எங்கே குறைந்தது என்று விவரமாக எழுதி, அந்தக் காகிதத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்கணும். கிளீவ்லேண்டை இன்றைக்கும் நாம் திட்ட முடிகிறதென்றால், அவர் மறுத்ததோடு நிற்காமல் காரணத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போனதால்தான்.