இடம்பெயரும் பெருவிழா: மார்ச் 25-உம் பாஸ்காவின் முதன்மையும்

கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டு இருவகை நாள் கணக்குகளின்மேல் அமைந்தது. கிறிஸ்து பிறப்பு போன்ற நிலைத்த விழாக்கள் மாதத் தேதியைப் பின்பற்ற, உயிர்ப்புப் பெருவிழாவும் அதனைச் சார்ந்த நகரும் விழாக்களும், மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிற்றைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. இம்முழுநிலவு வானத்தை நோக்கி அறியப்படுவதன்று. திருச்சபையின் அட்டவணைப்படி வகுக்கப்படுவது. எனவே உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எத்தேதியிலும் அமையலாம்.

இவ்விரு கணக்குகளும் மோதும் இடமே திருச்சபையின் முன்னுரிமையைத் தெளிவாகக் காட்டுகிறது. வானதூதர் மரியாவுக்கு அறிவித்ததை நினைவுகூரும் ஆண்டவருடைய பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா மார்ச் 25-க்கு உரியது. அந்நாள் 2016-இல் புனித வெள்ளியாகவும், 2018-இல் குருத்து ஞாயிறாகவும், 2024-இல் புனித வாரத் திங்களாகவும் அமைந்தமையால், பெருவிழா உயிர்ப்புக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றை அடுத்த திங்களுக்கு, அதாவது முறையே ஏப்ரல் 4, 9, 8 ஆகிய நாள்களுக்கு மாற்றப்பட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-இல் ஒப்புதல் அளித்த பொது விதிமுறைகள் கொண்டாட்டங்களைப் பெருவிழா, விழா, நினைவு எனத் தரப்படுத்தி, புனித வார நாள்களைப் பெருவிழாக்களுக்கும் மேலாக வைத்தமையே இதன் அடிப்படையாகும்.

இம்மாற்றம் ஒரு தொன்மையான பொருளை இழக்கச் செய்கிறது என்று வாதிடலாம். கிறிஸ்து கருவான நாளும் சிலுவையில் இறந்த நாளும் மார்ச் 25-ஏ என்னும் பழைய மரபு மேலைத் திருச்சபையில் நிலவியது. பைசாந்திய வழிபாட்டு முறையினரோ இப்பெருவிழாவை இடம் மாற்றாமல், புனித வெள்ளியிலும் இரு நினைவுகளையும் இணைத்தே கொண்டாடுகின்றனர்.

இவ்வாதம் வலுவுடையதே. ஆயினும் இலத்தீன் முறையில் புனித வெள்ளியன்று திருப்பலி நிறைவேற்றப்படுவதில்லை ஆதலால், அங்கு இணைப்பு என்பது நடைமுறையில் ஒன்றை மற்றொன்றால் மறைப்பதாகவே முடியும். மேலும், உயர்தர நாளோடு மோதும் நினைவு அவ்வாண்டு விடப்பட, பெருவிழாவோ வேறு நாளுக்கு மாற்றப்பட்டு முழுமையாகக் கொண்டாடப்படுகிறது. திருத்தூதர் தோமாவின் விழா 1969-இன் திருத்தத்தில் டிசம்பர் 21-இலிருந்து ஜூலை 3-க்கு மாறியதும், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய திருவருகைக் கால நாள்களை அவற்றின் தன்மையில் காக்கும் இதே நெறியின் விளைவாகும்.

வரலாறும் இவ்வரிசைக்கே சான்று பகர்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே பாஸ்காவின், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவின், நாள் பற்றிய விவாதம் எழுந்திருக்க, டிசம்பர் 25-இல் கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் உரோமைச் சான்று 336-ஆம் ஆண்டைச் சார்ந்ததே. உயிர்த்தவரைக் கொண்டாடிய சமூகமே பின்னர் அவருடைய பிறப்புக்கும் கருவுறுதலுக்கும் நாள் குறித்தது. ஆதலால் மார்ச் 25-இன் பெருவிழா உயிர்ப்பின் எண்கிழமை, அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள், முடியும்வரை காத்திருப்பது, அச்சமூகத்தின் நம்பிக்கை வளர்ந்த வழியையே நாள்காட்டி மீண்டும் நடந்து காட்டுவதாகும்.