எலியும் நாயும் லயமும்: ஒரு காய்ச்சலின் சரித்திரம்

அரசர்கள் முடிசூடிய ஆண்டுகளையும் அவர்கள் நடத்திய போர்களையும் சரித்திரம் என்று படித்துப் பழகியவர்கள் நாம். ஒரு காய்ச்சலுக்கும் சரித்திரம் உண்டு என்று சொன்னால் நம் மாணவர்கள் சற்றுத் திகைக்கவே செய்வார்கள். ஆயினும், எந்த நோய் யாரைப் பிடித்தது, எந்த நோயைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர், எந்த நோய்க்குப் பெயரிடவும் அவர்கள் மறந்தனர் என்று கேட்கத் தொடங்கினால், ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பு முழுவதும் நம் கண்முன் விரிந்துவிடும். எலிக்காய்ச்சல் என்று இன்று வழங்கும் நோயை இந்த நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. பதுளை நகரத்துத் தெருநாய்களிலிருந்து ஊவாத் தோட்டங்களின் லயங்கள் வரை நீளும் கதை அது.

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். லெப்டோஸ்பைரா என்பது திருகாணிபோற் சுருண்ட, மிக நுண்ணிய கிருமி. எலி, நாய், மாடு, பன்றி முதலிய விலங்குகளின் சிறுநீரகத்தில் அது குடியிருக்கும். எலியை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. எலியின் சிறுநீரோடு வெளியேறி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த உடலுக்காகக் காத்திருக்கும். காலின் பித்தவெடிப்பு, கையிற்பட்ட கீறல், நெடுநேரம் நீரில் ஊறிய தோல், கண், வாய் ஆகியவையே அது நுழையும் வாசல்கள். நுழைந்தபின் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் கடுங்காய்ச்சலும் தலையிடியும் காணும், கெண்டைக்கால் தசை தொடமுடியாதபடி நோகும், கண் சிவக்கும். பலருக்கு இது தானே தணிந்துவிடுகிறது. சிலருக்கோ மஞ்சட்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரலில் இரத்தக்கசிவும் உண்டாகி உயிரையே கொண்டுபோய்விடுகின்றன.

இந்நோயை மருத்துவ உலகம் எப்படி அறிந்துகொண்டது? 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் அடோல்ஃப் வைல் என்ற வைத்தியர், காய்ச்சலும் காமாலையும் ஒருங்கே கண்ட நோயாளர் சிலரைப் பற்றி எழுதினார். அதனால் கடுமையான எலிக்காய்ச்சலுக்கு வைல் நோய் என்றே பெயர் வழங்கலாயிற்று. கிருமியைக் கண்டறிந்த பெருமை ஜப்பானியரைச் சாரும். கியூஷூ தீவில் நிலக்கரிச் சுரங்கங்களில் நீரில் நின்று உழைத்த தொழிலாளரிடையே இந்நோய் மலிந்திருந்தது. அவர்களது நோயை ஆராய்ந்த இனாடாவும் இடோவும் 1915-ஆம் ஆண்டளவில் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தனர். அதே காலத்தில் முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில், சேற்றிலும் எலிகளின் நடுவிலும் கிடந்த சிப்பாய்களை ஆராய்ந்த ஜெர்மானிய வைத்தியர்களும் இதே முடிவுக்கு வந்தனர். அந்தமான் தண்டனைத் தீவில் இந்நோய் இருப்பதை 1931-இல் டெய்லர், கோயல் ஆகிய இருவர் எடுத்துக்காட்டினர். சுரங்கத் தொழிலாளி, சிப்பாய், கைதி என்று இந்த வரிசையைப் பாருங்கள். பிறருடைய கட்டளைக்குப் பணிந்து ஈரத்தில் நிற்க நேர்ந்தவர்களின் நோயாகவே இது விஞ்ஞானத்தின் ஏடுகளில் இடம்பெற்றது.

நாய் இந்தக் கதையில் எங்கே வருகிறது? 1930-களின் தொடக்கத்தில், நெதர்லாந்து நாட்டு நாய்களிடையே சிறுநீரகம் கெட்டு இறக்கும் நோய் ஒன்றை கிளாரன்பீக், ஷூஃப்னர் என்ற இருவர் ஆராய்ந்து வந்தனர். எலியிடம் காணப்படும் வகையினின்று வேறுபட்ட, நாயையே தன் இருப்பிடமாகக் கொண்ட லெப்டோஸ்பைரா வகை ஒன்றை அவர்கள் கண்டனர். நாயின் லத்தீன் பெயரை ஒட்டி அது ‘கனிகோலா’ எனப்பட்டது. நாய்கள் ஒன்றன் சிறுநீரை ஒன்று முகர்ந்தும் நக்கியும் செய்தி அறிபவை. நெருக்கமான நகரத்தில் இந்தப் பழக்கமே கிருமிக்குப் பாதையாகிவிடுகிறது. அன்றியும், நகரத்து நாய் எலியை வேட்டையாடுகிறது; குப்பைமேட்டில் எலியோடு பந்தி உண்கிறது; கானில் ஓடும் நீரைக் குடிக்கிறது. ஆதலால் தனக்குரிய வகையை மட்டுமன்றி எலியின் வகையையும் அது சுமக்க நேர்கிறது. நோயிலிருந்து தேறிய நாயும், நோயே தோன்றாத நாயும் மாதக்கணக்கில் கிருமியைச் சிறுநீரோடு கழிக்கக் கூடும். 1995-இல் நிக்கராகுவாவில் மழை வெள்ளத்தைத் தொடர்ந்து பலர் நுரையீரற் கசிவால் இறந்தபோது, ஆய்வாளரின் விசாரணை வீட்டு நாய்கள்வரை சென்றது. 2021-இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்புறத்தில் இருநூறளவு நாய்கள் இந்நோய்க்கு ஆளாயின. செல்வம் கொழிக்கும் நகரமும் இதற்கு விலக்கன்று.

இனி ஊவாவுக்கு வருவோம். வைல் தம் குறிப்பை வெளியிட்ட அதே 1886-இல்தான் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1869-இல், மடுல்சீமையில் கோப்பிச் செடியின் இலையிற் படிந்த துருநோய் இலங்கையின் கோப்பித் தொழிலையே சாய்த்துவிட்டிருந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது பயிர் மாற்றம் மட்டுமன்று. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் பெருந்தொகையான ஆட்கள் தேவைப்பட்டனர்; பருவம் முடிந்ததும் பலர் தமிழகத்துக்குத் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும். குடும்பம் குடும்பமாக மக்கள் தோட்டத்தில் நிலைத்தனர். சில மாதங்கள் தங்குவதற்கென எழுப்பிய லயம், தலைமுறைகளின் வீடாயிற்று. 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் ஒரு காம்பரா, அதற்குள் ஒரு குடும்பம், வாசலில் திறந்த கான், எல்லாருக்கும் பொதுவாக ஒரு பீலி, பின்புறம் மாட்டுப்பட்டி, அரிசிச் சாக்கைத் தேடி வரும் எலி, எலியையும் காட்டுப்பன்றியையும் விரட்ட ஒரு நாய். லெப்டோஸ்பைராவுக்கு வேண்டிய அனைத்தும் ஓரிடத்தில் கூடிவிட்டன. இந்தச் சேர்க்கை இயற்கையின் செயலன்று. குறைந்த செலவில் உழைப்பாளியைக் குடியிருத்த விரும்பிய முதலாளித்துவத்தின் கட்டடக் கலை அது.

வெள்ளை ஆட்சியினர் நோய்களைப் பொருட்படுத்தவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தமக்கு எட்டிய நோய்களை அவர்கள் நன்றாகவே பொருட்படுத்தினர். தோட்டப் பகுதிகளின் வைத்தியத் தேவைகளுக்கென 1872-இலும் பின்னர் 1912-இலும் சட்டங்கள் வந்தன. விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க 1893-இல் ஒரு சட்டம் பிறந்தது. 1901-இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1914-இல் கொழும்பில் கொள்ளைநோய் தோன்றியபோது எலி அரசாங்கத்தின் எதிரியாயிற்று. 1916-இல் ராக்ஃபெல்லர் ஸ்தாபனத்தார் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். வெறிநாய் துரையையும் கடிக்கும். கொள்ளைநோய் துறைமுக வாணிபத்தை முடக்கும். கொக்கிப்புழு தொழிலாளியின் கைவலுவைக் குறைத்துக் கொழுந்தின் நிறையைக் குறைக்கும். ஆகவே இவற்றுக்குச் சட்டமும் பணமும் கிடைத்தன. லயத்துக் கானில் காலை வைத்தவனுக்கு வந்த காய்ச்சலோ அவனோடு நின்றுவிட்டது. ‘காய்ச்சல்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ நோய்கள் புதைந்து கிடந்த காலம் அது. அதனுள் எலிக்காய்ச்சலின் பங்கு எவ்வளவு என்பதை இனி எவரும் எண்ணிச் சொல்ல முடியாது.

உழைப்பாளர் தம் நோயின் பெயரைத் தாமே அறிந்துகொண்டால் என்ன நிகழும் என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். வட குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் 1930-களில் வைல் நோய் பரவியது. எலிகள் நிறைந்த ஈரக் கரும்புக்காட்டில் கைகளிற் கீறல்களோடு வேலை செய்த கரும்பு வெட்டுவோர், அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைத்து எலிகளை விரட்டவேண்டும் என்று கோரினர். எரித்த கரும்பில் இலாபம் குறையும் என்று முதலாளிகள் மறுத்தனர். 1935-இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஜீன் டெவனி என்ற பெண் எழுத்தாளர் அப்போராட்டத்தை நாவலாக எழுதி 1936-இல் வெளியிட்டார். சம்பளத்துக்காக மட்டுமன்றிச் சுத்தமான வேலைத்தலத்துக்காகவும் தொழிலாளர் போராடலாம் என்பதற்கு அது சான்று. 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட நம் மலையக மக்களுக்கோ, கானைப் பற்றியும் பீலியைப் பற்றியும் பேசுவதற்கு வேண்டிய வாக்குரிமையே பறிபோயிற்று. வாக்கற்றவனின் வாசலில் தேங்கும் நீரை எந்த அரசியல்வாதி எட்டிப்பார்ப்பான்?

இலங்கையில் இந்நோய் 1950-களில்தான் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்து, 1959-இல் பரிசோதனை மூலம் உறுதியாயிற்று. பின்னர் இங்கு கண்டறியப்பட்ட வகைகளுள் ஒன்று இரத்தினபுரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1991-இல் எலிக்காய்ச்சல், அரசுக்குக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கப்பட்டது. 2008-இல் நாடெங்கும் 7,000-க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று; ஏறத்தாழ 200 பேர் மடிந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் வயற்சேற்றில் இறங்கிய விவசாயிகள். பதுளை மாவட்டம் நோயாளர் தொகையில் முன்னணியில் நிற்பதன்று. எனினும் சுகாதாரத் துறையின் வாராந்த அறிக்கையில் அதன் பெயருக்கு நேரேயும் எண்கள் இடம்பெற்றே வருகின்றன.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். தேயிலை புளிப்பு மண்ணில் வளரும் செடி. மலைச்சரிவில் நீர் தேங்குவதுமில்லை. புளிப்பு மண்ணும் வடிந்தோடும் நீரும் லெப்டோஸ்பைராவுக்கு ஏற்றவையல்ல. எனவே கொழுந்து மலையைவிட, லயத்துக் கானும் மாட்டுப்பட்டியும் மரக்கறித் தோட்டமும் பள்ளத்து வயலுமே ஆபத்தான இடங்கள். தோட்டச் சம்பளம் போதாமல் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் அன்றாடக் கூலிக்குச் செல்லும் தொழிலாளி, இரண்டு இடத்து ஆபத்தையும் ஒரு உடலில் தாங்குகிறான். நகரத்தில் இதே வேலையைச் செய்பவை சந்தைக் குப்பையும், அடைபட்ட கானும், அவற்றை நம்பிப் பெருகும் எலியும், எலியின் பின்னே திரியும் நாயும். ஒரு பெருமழை பெய்தால் இவற்றின் கழிவெல்லாம் ஒன்றாகிப் பதுளை ஓயாவை நோக்கிச் செல்கிறது. அந்த நீரில் வெறுங்காலோடு நடப்பவர் யார் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் தெருநாய்களைக் கொன்றுவிடலாமே என்பார் சிலர். எளிதான விடைகள் எப்போதும் எளியவர் தலையிலேயே விழுகின்றன. இங்கே வாயில்லாப் பிராணியின் தலையில் விழுகிறது. குப்பையும் எலியும் இருக்கும்வரை, கொன்ற நாயின் இடத்துக்கு மற்றொரு நாய் வரும். நோயின் பெரிய களஞ்சியம் எலியே. நாய் பல வேளைகளில் நமக்கு முன்னே நோயுற்று எச்சரிக்கை தருவது. நாய்க்கு இந்நோய்க்கான தடுப்பூசி உண்டு. எல்லா வகைகளையும் அது தடுக்காது, ஆண்டுதோறும் போடவும் வேண்டும், எனினும் பயனுள்ளது. ஆனால் அரசு இலவசமாகப் போடுவது விசர்நோய்க்கான ஊசி. எலிக்காய்ச்சல் ஊசியோ பணம் கொடுத்து மிருக வைத்தியரிடம் செல்வோரின் நாய்க்கே கிடைக்கிறது. பங்களா நாய்க்குக் காவல் உண்டு; லயத்து நாய்க்கு இல்லை; லயத்து மனிதனுக்கும் இல்லை. வர்க்க பேதம் நாய்வரை இறங்கியிருப்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாயின. 1992-இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின. உடைமையாளர் மாறினர், பல லயங்கள் அப்படியே நிற்கின்றன. தனி வீடும் மூடிய கானும் ஒழுங்கான குப்பை அகற்றலும் கிடைக்கும்வரை எந்த மருந்தும் இந்நோயை வேரறுக்காது. அந்தக் கோரிக்கை தொழிற்சங்க மேடைகளில் சம்பளக் கோரிக்கைக்குச் சமமாக ஒலிக்கவேண்டும்.

அதுவரை ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் செய்யக்கூடியதும் உண்டு. கானிலும் சேற்றிலும் இறங்குவோர் காலணி அணியவும் புண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டும் என்றும், நாயும் எலியும் தீண்டக்கூடிய நீரைக் கொதிக்கவைத்தே பருகவேண்டும் என்றும் வகுப்பறையிற் சொல்வோம். வயலிலும் சுரங்கத்திலும் இறங்குவோருக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டறியலாம் என்பதைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் கண்டவர் பனடோலை விழுங்கிவிட்டுப் பிரட்டுக்களத்துக்குப் போகாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும், சென்றதும், ‘நான் சேற்றில் வேலை செய்தேன், கான் நீரில் நின்றேன்’ என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். இரத்தப் பரிசோதனையின் முடிவு வரப் பல நாட்களாகும். சந்தேகம் தோன்றியவுடனே தொடங்கும் மருந்துதான் உயிரைக் காக்கும். அந்தச் சந்தேகம் வைத்தியரின் மனத்தில் எழுவதற்கு நோயாளியின் அந்த ஒரு வாக்கியம் போதும். தமிழில் அதைச் சொல்லவும், சொன்னதை விளங்கிக்கொள்ளவும் ஊவாவின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் ஒருவர் இருக்கவேண்டும் என்று கேட்பது சலுகையன்று, உரிமை. அதைக் கேட்கும் துணிவை நம் மாணவர்களுக்கு ஊட்டுவோம்.