36 க்ளிக்தான்... டெலிட் பட்டன் கிடையாது! - பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஏன் இன்னும் இழுக்குது?

உங்க போன் கேலரியில இப்போ எத்தனை போட்டோ இருக்கு? நாலாயிரம்? பத்தாயிரம்? சரி, அதுல போன மாசம் எடுத்த ஒரே ஒரு போட்டோவை, கேலரியைத் திறக்காம ஞாபகப்படுத்திச் சொல்லுங்க பார்ப்போம்.

கஷ்டமா இருக்குல்ல? பழைய ஃபிலிம் கேமராக்களைத் தேடிப் போகிறவர்களைக் கேட்டால், பலரும் இந்த இடத்தில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். அதிலும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகைக்கு ஒரு தனிக் கூட்டமே உண்டு. பார்க்க அழகாக இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

ரேஞ்ச்ஃபைண்டர்னா என்ன?

மூக்குக்கு முன்னால் ஒரு விரலை நீட்டுங்கள். இடது கண், வலது கண் என்று மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். விரலைத் தள்ளிக் கொண்டுபோனால் அந்த மாற்றம் குறையும். ரேஞ்ச்ஃபைண்டரின் மொத்த ரகசியமும் இதுதான்.

கேமராவின் முன்பக்கம் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சின்ன ஜன்னல்கள் இருக்கும். ஒன்றின் காட்சி நேராக உங்கள் கண்ணுக்கு வரும். மற்றொன்றின் காட்சி கண்ணாடி வழியாகத் திரும்பி, வியூஃபைண்டரின் நடுவே ஒரு சின்னக் கட்டமாக விழும். ஃபோகஸ் சரியில்லை என்றால் அந்தக் கட்டத்துக்குள் உங்கள் நண்பருக்கு ரெண்டு மூக்கு. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் ரெடி.

இரண்டு கேமரா உள்ள போன்கள் போர்ட்ரெய்ட் மோடில் தூரத்தைக் கணக்கிடுவதும் ஏறக்குறைய இதே தத்துவத்தில்தான். அங்கே சிப் செய்வதை இங்கே உங்கள் கண்ணும் விரலும் செய்கின்றன.

ஒரு குட்டி வரலாறு

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆஸ்கர் பார்னக். ஆஸ்துமா தொல்லை இருந்த அவருக்குக் கனமான கேமராக்களைத் தூக்கிக்கொண்டு அலைவது சிரமம். சினிமா ஃபிலிமையே போட்டோவுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். அப்படி வந்ததுதான் 24×36 மி.மீ. என்ற அளவு. இன்றைக்கு 'ஃபுல் ஃபிரேம்' என்கிறோமே, அது இதுதான்.

லைகா 1925-ல் விற்பனைக்கு வந்தது. அப்போது தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் 1932-ல் லைகா 2 மாடலில் வந்தது. அதே வருடம் ஜைஸ் ஐகான் நிறுவனமும் கான்டாக்ஸை இறக்கியது. 1954-ல் வந்த லைகா எம்3, இந்த வகையின் உச்சம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். 1959-ல் நிக்கான் எஃப் வந்த பிறகு காற்று எஸ்.எல்.ஆர். பக்கம் திரும்பியது. ஆனால் லென்ஸ் கழற்ற முடியாத, குடும்பங்களுக்கான ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர்கள் எழுபதுகளிலும் நன்றாகவே ஓடின.

அப்படி என்னதான் ஸ்பெஷல்?

எஸ்.எல்.ஆரில் ஷட்டரை அமுக்கும் கணத்தில் உள்ளே கண்ணாடி மேலே எழும், வியூஃபைண்டர் இருட்டாகும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. அதனால் சத்தம் குறைவு, அதிர்வும் குறைவு. முக்கியமாக, க்ளிக் ஆகும் நொடியிலும் எதிரில் இருப்பவரின் முகம் உங்கள் கண்ணிலேயே இருக்கும்.

இன்னொன்று, பல மாடல்களில் ஃபிரேமுக்கு வெளியே நடப்பதும் தெரியும். உள்ளே ஒளிரும் கோடுகள்தான் படத்தின் எல்லை. அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் வருவதைப் பார்க்கலாம், உள்ளே வரும்வரை காத்திருக்கலாம். தெருப் புகைப்படக்காரர்களுக்கு இது பெரிய வரம்.

பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான் இப்படிக் காத்திருப்பதையே கலையாக்கியவர். கையில் எப்போதும் லைகா. 1948 ஜனவரி 30 அன்று அவர் டெல்லியில் காந்தியைச் சந்தித்தார். சிறிது நேரத்தில் காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று இரவு பிர்லா மாளிகை வாசலில் அந்தச் செய்தியை நேரு மக்களிடம் சொல்லும் புகழ்பெற்ற படம் அவர் எடுத்தது.

குறைகளும் உண்டு. நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. அதனால் மூடியைக் கழற்றாமலேயே படம் எடுத்துவிடலாம். எதிரில் எல்லாம் பளிச்சென்று தெரியும், ஃபிலிமில் ஒன்றுமே இருக்காது. பூ, பூச்சி என்று கிட்டத்தில் எடுப்பதற்கும் இது ஆகாது. பொதுவாக 70 செ.மீ. முதல் 1 மீட்டர் தூரமாவது வேண்டும்.

முதல் கேமரா எதை வாங்கலாம்?

யாஷிகா எலக்ட்ரோ 35: 1966-ல் அறிமுகம். எஃப் 1.7 லென்ஸ். நீங்கள் அப்பர்ச்சரை வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஒரிஜினல் மெர்குரி பேட்டரி இப்போது வருவதில்லை. அடாப்டர் போட்டு வேறு பேட்டரி பயன்படுத்தலாம். பேட்டரி இல்லாவிட்டால் 1/500 விநாடி வேகம் மட்டும்தான் வேலை செய்யும்.

கேனனெட் க்யூ.எல்.17 ஜி-3: கையடக்கமானது. க்யூ.எல். என்றால் 'குயிக் லோடிங்', 17 என்பது எஃப் 1.7 லென்ஸ். பேட்டரி செத்தாலும் மேனுவலில் எல்லா வேகமும் கிடைக்கும்.

ஃபெட், ஜோர்கி: சோவியத் தயாரிப்புகள். ஃபெட் கேமரா, உக்ரைனின் கார்கிவ் நகரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட கம்யூனில் 1934-ல் லைகா 2-ஐப் பார்த்துத் தயாரிக்கத் தொடங்கியது. விலை குறைவு, பராமரிப்பு அதிகம். இவற்றில் ஃபிலிமை முன்னகர்த்திய பிறகுதான் ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டும். தங்க முலாமும் ராணுவ முத்திரையுமாக 'அபூர்வ லைகா' என்று யாராவது நீட்டினால் உஷார். பெரும்பாலும் அது வேஷம் போட்ட ஃபெட்டோ ஜோர்கியோதான்.

லைகா எம் வரிசை? லென்ஸோடு சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். ஈ.எம்.ஐ. போட்டு வாங்குவதற்கு முன், சின்ன கேமராவில் பத்து ரோல் எடுத்துப் பாருங்கள். அப்பவும் ஆசை இருந்தா யோசிக்கலாம்.

வாங்கும்போது இதைப் பாருங்க

* போன் டார்ச்சை லென்ஸ் வழியாக அடியுங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். தவிர்த்துவிடுங்கள்.
* தூரத்து டவரையோ நிலாவையோ பார்த்து லென்ஸை முடிவிலி வரை திருப்புங்கள். இரண்டு பிம்பமும் சரியாக ஒன்றாக வேண்டும்.
* மேனுவல் கேமராவில் எல்லா வேகத்தையும் அழுத்திப் பாருங்கள். 1 விநாடி என்றால் ஒரு விநாடிபோலக் கேட்க வேண்டும்.
* பேட்டரி அறையில் பச்சைப் படிவு இருக்கிறதா பாருங்கள்.
* பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுவென்று இருந்தால் பயப்பட வேண்டாம். அதை மாற்றுவது எளிது.

ஃபிலிம், டெவலப்பிங், ஸ்கேனிங் என்று செலவு மூன்று. மொத்தத்தைக் கூட்டி 36-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு க்ளிக்கின் விலை தெரியும். அது தெரிந்த பிறகு விரல் தானாக நிதானமாகும்.

ஷோகேஸில் வைக்காதீங்க!

இதுதான் பலரும் செய்யும் தப்பு. ஆசையாக நாலு கேமரா வாங்கி, தோல் உறையோடு கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் தோல் உறையும் இருட்டும் ஃபங்கஸுக்கு விருந்து. சும்மா கிடக்கும் கேமராவில் எண்ணெய் இறுகி ஷட்டரும் மாட்டிக்கொள்ளும்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவையாவது எல்லா வேகத்திலும் ஷட்டரை இயக்குங்கள். துணித்திரை ஷட்டர் உள்ள லைகா, ஃபெட், ஜோர்கியை மூடி போடாமல் வெயிலைப் பார்த்து வைக்காதீர்கள். தடுக்கக் கண்ணாடி இல்லாததால் சூரிய ஒளி லென்ஸ் வழியாகக் குவிந்து திரையில் ஓட்டை போட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட நல்ல பராமரிப்பு, அதில் படம் எடுப்பது. பத்து கேமரா வைத்திருந்து பூட்டி வைப்பதைவிட, ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் ஒரு ரோல் எடுப்பவரிடம்தான் அது உயிரோடு இருக்கும்.

காசு செலவழிப்பதற்கு முன் வீட்டுப் பரணையும் தாத்தாவின் பீரோவையும் ஒரு தடவை பாருங்கள். முன்பக்கம் வியூஃபைண்டர் ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி ஜன்னல் இருந்தால், வியூஃபைண்டருக்குள் கண்ணை வையுங்கள். நடுவில் இரட்டைப் பிம்பம் தெரிந்தால் அதிர்ஷ்டம்தான்!

முதல் ரோலை மலை, கடல் என்று வீணாக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை எடுங்கள். ஃபிலிமை முன்னகர்த்தும்போது ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால்தான் ஃபிலிம் சரியாக மாட்டியிருக்கிறது. அம்மாவின் முகம் ரெண்டாகத் தெரிந்து மெல்ல ஒன்றாகும்வரை, அவரை நீங்கள் சில விநாடிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். கடைசியா எப்போ அப்படிப் பார்த்தீங்க?