கொக்கட்டிச்சோலை: துறையிலிருந்து சந்திக்கு

கொக்கட்டிச்சோலை, இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் உள்ள கோயிலூர். மண்முனை தென்மேற்குப் பிரதேசத்தின் நிருவாக மையமும் இதுவே. பட்டிப்பளைப் பிரதேச செயலகம் என்று பேச்சில் வழங்கும் அலுவலகமும் பிரதேச சபையும் இங்கேதான் இருக்கின்றன. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இவ்வூர், 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் சுற்றுக் கிராமங்களின் கடைத்தெருவாகவும் வளர்ந்து வருகிறது. முதலைக்குடா, மகிழடித்தீவு, முனைக்காடு, அரசடித்தீவு, கடுக்காமுனை, பண்டாரியாவெளி, அம்பிளாந்துறை முதலான ஊர்கள் இதன் சுற்றுவட்டம்; உட்பக்கமாகப் போனால் முருகன் கோயில் கொண்ட தாந்தாமலை. கோயிலின் வரலாறு பலரால் எழுதப்பட்டிருக்கிறது. கடைத்தெருவின் வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை என்பதால் இக்கட்டுரை அதையே விரித்துச் சொல்கிறது.

எழுவானும் படுவானும்

மட்டக்களப்பு வாவி கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீள்கிறது. அரசாங்க வரைபடம் வாவி என்று எழுதினாலும் ஊரவர் வாயில் அது ஆறுதான். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரை கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். ஏ4 நெடுஞ்சாலை அதன் மேல்தான் ஓடுகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எனச் சனநெரிசலான ஊர்கள் அந்த வீதியில் வரிசையாக உள்ளன. படுவான்கரை வயலும் குளமும் மேய்ச்சல் தரையும். கொக்கட்டிச்சோலை படுவான்கரையைச் சேர்ந்தது.

இரண்டு கரைக்குமிடையே பண்டமாற்று எப்போதும் இருந்தது. நெல்லும் எருமைத் தயிரும் விறகும் கிழக்கே போயின. புடைவையும் தேங்காயும் உப்பும் கடல்மீனும் மேற்கே வந்தன. ஆனால் நிலவுடைமையைப் பார்த்தால் இந்தக் கொடுக்கல்வாங்கல் சமமாக இல்லை. படுவான்கரை வயல்களில் கணிசமானவை எழுவான்கரையில் குடியிருந்த போடியார்கள் எனும் பெருநிலக்காரர்களுக்குச் சொந்தம். அவர்களுக்காக வயல் செய்த முல்லைக்காரர் அங்கே வாடி என்னும் குடில் போட்டுத் தங்கி வேளாண்மை பார்த்தார். சூடடித்த நெல் மூடைகளாக ஆற்றைக் கடந்தது. அந்த நெல்லில் எழுந்த கல்வீடும் கடையும் எழுவான்கரையில் எழுந்தன. படுவான்கரையில் பெரிய கடைத்தெரு ஒன்று உருவாகாமல் போனதற்குத் தூரத்தைவிட இதுவே முதற்காரணம் என்று கொள்ளலாம். விளைந்த இடத்தில் பணம் தங்கவில்லை.

மண்முனைப் பாலம் வருமுன் வாவியைச் சுற்றிவர நிலவழி இரண்டே இருந்தன: வடக்கே வவுணதீவுக்குப் போகும் வலையிறவுப் பாலம், தெற்கே களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பட்டிருப்புப் பாலம். நடுவிலுள்ள நீண்ட கரைக்குத் துறைகளே வாசலாக இருந்தன. மண்முனைத்துறை, குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குருமண்வெளி–மண்டூர் ஆகிய இடங்களில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த மிதவைக்கு மட்டக்களப்பார் ‘பாதை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியூரவர் முதல்முறை கேட்டால் குழம்புவார்: இங்கே பாதையில் நடக்க முடியாது, பாதை வரும்வரை காத்துநிற்க வேண்டும்.

கோயிலும் தேரும்

கொக்கட்டி மரத்தை வெட்டிய வேடனின் கத்தி பட்டு இரத்தம் கசிந்ததாகவும், அங்கே தானாகத் தோன்றிய இலிங்கமே தான்தோன்றீஸ்வரர் என்றும் தலமரபு கூறும். மண்முனையை ஆண்டதாகச் சொல்லப்படும் உலகநாச்சியாரோடு இக்கோயிலை இணைக்கும் மரபும் உண்டு. 1962 இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இவ்வகை மரபுச் செய்திகளின் களஞ்சியம். கோயிலை அழிக்க வந்த பறங்கியர் முன் கல்நந்தி எழுந்து புல் தின்றது என்ற கதையை இன்றும் ஊர்ப்பிள்ளைகளிடம் கேட்கலாம்.

வணிக வரலாற்றுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. வண்ணக்கர் எனும் அறங்காவலர்கள் குலவழிக் குடிமுறைப்படி நிருவகிக்கும் இக்கோயிலின் தேரோட்டத் திருவிழா இரு கரைச் சனத்தையும் ஓரிடத்தில் கூட்டியது. நிரந்தரக் கடைகள் குறைவாக இருந்த காலத்தில் வளையலும் பாத்திரமும் பாயும் இனிப்பும் விற்ற திருவிழாக் கடைகளே படுவான்கரையின் பெருஞ்சந்தை. தேர் இருப்புக்கு வந்ததும் சந்தை கலையும். ஊர் மறுபடி சில்லறைக் கடைகளுக்கும் சங்கக்கடைக்கும் திரும்பும்.

எரிந்த ஆண்டுகள்

இப்பகுதிக்கு வந்த முதல் நவீனத் தொழில்முயற்சி நெல்லைச் சார்ந்ததல்ல. 1980களின் முற்பகுதியில் மகிழடித்தீவில் ஏற்றுமதிக்கென ஓர் இறால் பண்ணை தொடங்கியது. வெளிநாட்டு மூலதனத்தோடு வந்த அது ஊர் இளைஞருக்கு மாதச் சம்பளம் தந்தது. 1987 ஜனவரி இறுதியில் விசேட அதிரடிப் படையின் நடவடிக்கையில் அப்பண்ணையின் தொழிலாளர்கள் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. மாதச் சம்பளத்தின் கதையும் அத்தோடு முடிந்தது.

1991 ஜூன் 12 அன்று கண்ணிவெடியில் படையினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு கிராமங்களில் படையினர் பொதுமக்களைக் கொன்றனர். அரசாங்கம் அமைத்த கொக்கட்டிச்சோலை விசாரணை ஆணைக்குழு 67 பேர் இறந்ததாகக் கண்டது. உள்ளூர்க் கணக்கு அதன் இருமடங்கைத் தாண்டுகிறது. அரிசி ஆலை ஒன்றில் தஞ்சம் புகுந்தவர்களும் இறந்தோரில் அடங்குவர். ஊரின் ஒரேவகை இயந்திரத் தொழிலாக இருந்த அரிசி ஆலை, இன்றும் அந்த நாளின் நினைவிடமாகவே பேச்சில் வருகிறது.

இதற்கிடையில் இன்னொரு வணிகத் தொடர்பும் அறுந்தது. காத்தான்குடி முஸ்லிம் வியாபாரிகள் துணிமூட்டையும் பாத்திரமும் கொண்டு படுவான்கரை ஊர்களுக்கு வருவதும், கடனுக்குக் கொடுத்து அறுவடைக்குப் பின் நெல்லாக வாங்குவதும் பழைய வழக்கம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றபின் அந்தப் போக்குவரத்து நின்றது. முஸ்லிம்கள் தங்கள் வயல்களுக்கு வரமுடியாமற் போனார்கள். படுவான்கரை வாடிக்கையாளர் தமக்கு முகம் தெரிந்த கடன்கொடுப்பவரை இழந்தார்கள்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து 2007 வரை இப்பகுதி பெரும்பாலும் புலிகளின் கையில் இருந்தது; கிழக்கில் அவர்களது முக்கிய அரசியல், நிருவாகத் தளங்களில் ஒன்று கொக்கட்டிச்சோலை. ஆற்றின் இக்கரையில் ஓர் அதிகாரம், அக்கரையில் இன்னோர் அதிகாரம் என்றிருந்ததால் மண்முனைத்துறை எல்லைக் கடவையாயிற்று. சீமெந்து, எரிபொருள், யூரியா போன்றவை அளவு பார்த்தே அனுமதிக்கப்பட்டன. மேற்கே வந்ததும் வரி. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் இந்த இறுக்கம் தளர்ந்தாலும் எவரும் துணிந்து முதலிட்டுக் கட்டடம் எழுப்பும் நிலை வரவில்லை. 2007 தொடக்கத்தில் ஊர்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்து ஆற்றைக் கடந்தன. மார்ச் இறுதியில் கொக்கட்டிச்சோலை அரசபடைகள் வசம் வந்தது. அவ்வாண்டிலேயே மீள்குடியேற்றமும் தொடங்கியது.

பாலம்

போருக்குப் பிந்திய ‘கிழக்கின் உதயம்’ திட்டக் காலத்தில் வீதியும் மின்சாரமும் முந்தி வந்தன. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளங்கள் அறுவடைக்கு நின்ற பெரும்போக வயலை அழித்ததோடு புதிய வீதிகளையும் சோதித்துப் பார்த்தன. ஜப்பானின் நன்கொடை உதவியில் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவால் திறந்துவைக்கப்பட்டது. பாலத்தின் நீளம் சுமார் 210 மீட்டர்தான். ஆற்றுக்குள் உயர்த்திய அணைவீதி இருபுறமும் அதைக் கரையோடு இணைக்கிறது.

பாலத்துக்கு முன், காற்று எழும்பினால் பாதை நிற்கும், இரவில் ஓடாது. பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவரையும் அக்கரைக்குக் கொண்டுபோக விடியும்வரை காத்திருந்த அனுபவம் படுவான்கரைக் குடும்பங்களில் சாதாரணம். அந்தக் காத்திருப்பு ஒழிந்ததுதான் பாலத்தின் முதற்பயன். மற்றதெல்லாம் இதற்கு அடுத்தபடியே.

கடைக்காரர் பார்வையில் கணக்கு வேறு. பாதைக் காலத்தில் பொருளைத் துறைவழி கொண்டுவந்த கடைக்காரர் ஏற்றுகூலி, இறக்குகூலி, காத்திருந்த நேரம் எல்லாவற்றையும் விலையில் சேர்த்தார். வாங்குபவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. துறைமுகப்பில் தேத்தண்ணிக்கடையும் வெற்றிலைக் கடையும் பிழைத்தது காத்துநின்ற சனத்தால். பாலம் வந்ததும் காத்துநிற்பவர் இல்லாமற் போனார். சந்திகளில் புதுக்கடைகள் எழுந்தன: வன்பொருட் கடை, கைத்தொலைபேசிக் கடை, பாமசி, மோட்டார் சைக்கிள் திருத்துமிடம், அழகு நிலையம், விவசாய மருந்துக் கடை. மொத்த வியாபாரியின் லொறி கடைவாசலுக்கே வந்தது. அதே வீதியில் வாடிக்கையாளர் மோட்டார் சைக்கிளில் ஏறிக் காத்தான்குடிப் புடைவைக் கடைக்கும் மட்டக்களப்பு நகரின் நகைக்கடைக்கும் போய் இரவுக்குள் திரும்பினார். கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் வாங்கும் பெரிய சாமான் ஆற்றுக்கு அப்பால். அன்றாடம் வாங்கும் சீனி, சோப்பு, ரீலோட் இப்பால். இவ்வூரின் வணிகம் வளர்ந்தது உண்மைதான். ஆனால் இலாபம் மெல்லியதாக உள்ள பக்கமே உள்ளூருக்கு எஞ்சியது. 1990 இல் அறுந்த காத்தான்குடித் தொடர்பும் இப்போது வேறு வடிவில் மீண்டிருக்கிறது: அன்று வியாபாரி வந்தார், இன்று வாங்குபவர் போகிறார்.

நெல்லின் புதுவழி

அறுவடைக் கூலிகளின் இடத்தை மெசின் பிடித்தது போருக்குப் பிந்திய மாற்றங்களில் மிகப் பெரியது. பல நாள் வெட்டிச் சூடுவைத்து மிதித்த வேலை சில மணித்தியாலத்தில் முடிகிறது. மெசினில் வரும் நெல் ஈரமானது. காயவைக்கக் களமும் களஞ்சியமும் போதாததால் விவசாயி வயலடியிலேயே லொறிக்காரருக்கு விற்கிறார், அல்லது புதிதாகப் போட்ட காபட் வீதியில் பரப்பிவிடுகிறார். அபிவிருத்தி தந்த நல்ல வீதியின் பாதி அகலம் அறுவடைக் காலத்தில் நெற்களமாக மாறுவதைக் காணலாம். நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு தொடங்குமுன் பெரும்பகுதி பொலனறுவைப் பெரிய ஆலைகளை நோக்கிப் போய்விடுகிறது. அங்கே தீட்டிய அரிசி வெள்ளைப் பையில் அடைபட்டுப் படுவான்கரைக் கடைக்கே திரும்பிவருவதும் உண்டு. நெல்லின் பெறுமதி கூடும் கட்டம் இன்னும் ஊருக்கு வெளியேதான்.

கூலிவேலை சுருங்கிய வீடுகளில் இருவழிகள் திறந்தன: மத்திய கிழக்குக்குப் போவது, அல்லது நுண்கடன் எடுத்துச் சிறுதொழில் தொடங்குவது. வாரந்தோறும் வசூலிக்கப்பட்ட நுண்கடன், ஆடு வளர்ப்புக்கும் தையலுக்கும் என்று எடுக்கப்பட்டு வீட்டுச் செலவில் கரைந்தது. கடனை அடைக்க இன்னொரு கடன் என்ற நிலை மட்டக்களப்பு மாவட்டம் முழுவதும் பரவியபின், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. லான்ட்மாஸ்டருக்கும் ஆட்டோவுக்கும் எடுத்த லீசிங் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2021 மே மாத இரசாயன உர இறக்குமதித் தடையும் அடுத்த ஆண்டுப் பொருளாதார நெருக்கடியும் கடைத்தெருவை நேரடியாகத் தாக்கின. வயல் விளையாத போகத்தில் இங்கே எந்தக் கடையிலும் கொப்பி நிறையக் கடன்தான்.

பாலத்தால் சுறுசுறுப்பான மற்றொரு தொழில் கிறவலும் மணலும். எழுவான்கரையின் வீடுகளுக்கும் வீதிகளுக்கும் வேண்டிய மண் படுவான்கரைத் திடல்களிலிருந்தும் ஆற்றுப்படுகைகளிலிருந்தும் டிப்பரில் போகிறது. இதனால் உள்வீதிகள் சிதைவதாக ஊர்களில் முறைப்பாடு தொடர்கிறது. உட்பக்கக் கிராமங்களில் யானைப் பயம் கூடியதும் இருட்டுமுன் கடையடைக்கும் வழக்கத்துக்கு ஒரு காரணம்.

நகரமா, கிராமமா?

பேச்சில் ‘கொக்கட்டிச்சோலை நகர்’ என்கிறார்கள். புள்ளிவிபரத்தில் இது கிராமம். இலங்கையில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குட்பட்ட இடம் மட்டுமே நகரம் எனக் கணக்கிடப்படுகிறது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்துக்குப் பின் பழைய பட்டின சபைகளும் பிரதேச சபைகளுக்குள் கரைந்தன. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் நகரச் சனத்தொகை 18.2 சதவீதமாகக் குறைந்து தெரிவதற்கு இதுவே பெருங்காரணம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபையும் காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளும் தவிர மற்ற ஒன்பதும் பிரதேச சபைகள். களுவாஞ்சிகுடி போன்ற நெரிசலான கடைவீதிகூட இந்த ஒன்பதுக்குள்தான் அடங்குகிறது.

இது பெயரளவு விவகாரமல்ல. பிரதேச சபையின் வருமானம் கடை உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை, சிறு வரிகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. வடிகால், குப்பை, வீதிவிளக்கு, தரிப்பிடம் என நகரத்துக்குரிய வேலையெல்லாம் அதன் தலையில். கிழக்கில் போர் ஓய்ந்தபின் மட்டக்களப்பில் 2008 மார்ச்சில் முதல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. பின்னர் 2018 லும் 2025 லும் சபைகள் தெரிவாயின. வீதியோர வயல்காணி கடைக்காணியாக மாறுவதை எந்தளவுக்கு அனுமதிப்பது என்பதே இச்சபைகளின் முன்னுள்ள கடினமான வேலை. நிரப்பிய வயலின் வழியே ஓடிய மாரிவெள்ளம் அடுத்த கடையின் பின்புறத்தில் தேங்கும்.

துறைகளின் கதைக்கே திரும்பினால், மண்முனைப் பாலம் திறந்தபிறகும் அம்பிளாந்துறையில் பாதை நிற்கவில்லை. அவ்வூரார் குருக்கள்மடத்துக்குப் போகத் துறையில் பாதைக்குக் காத்துநின்றார்கள். காற்று பிழைத்த நாளில் பஸ் பிடித்துக் கொக்கட்டிச்சோலைக்கு வந்து பாலத்தால் சுற்றிப் போனார்கள். அப்படிச் சுற்றிவந்தவர்கள் சந்தியில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்தார்கள். துறையடிக் கடைக்காரர் இழந்த வியாபாரத்தில் ஒரு பங்கு இவ்வழியாகச் சந்திக் கடைக்கு வந்து சேர்ந்தது.