சாவின் வாயிலில் எழுந்த சிரிப்பு

1348ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியது. அந்த அவலத்தைப் பின்னணியாகக் கொண்டே ஜொவான்னி பொக்காச்சியோ தம் ‘டெக்கமரான்’ நூலை யாத்தார். நகரை நீங்கிய ஏழு மகளிரும் மூன்று ஆடவரும் பத்து நாட்களில் நூறு கதைகள் சொல்லுகின்றனர். ஏமாறும் கணவரும் சபலம் கொண்ட துறவியரும் அவற்றில் உலவுவர். காமச்சுவை மிக்க கதைகள் பல உண்டு. எனினும், அது வெறும் கேளிக்கை அன்று. சாவின் வாயிலில் நின்று வாழ்வைப் போற்றிய சிரிப்பு.

திருச்சபை 1559இல் இந்நூலைத் தடை செய்தது. 1573இல் திருத்திய பதிப்பு வெளிவந்தபோது, தவறிழைக்கும் துறவியர் பலர் இல்லறத்தாராக மாற்றப்பட்டனர். காமக் குறும்புகளோ பெரும்பாலும் அப்படியே நின்றன! தணிக்கையாளரை உறுத்தியது எது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இந்நூலின் சில கதைகளைப் பியர் பாவ்லோ பசோலினி 1971இல் திரைப்படமாக்கினார். கதை சொல்லும் செல்வக்குடி இளைஞரை அவர் அறவே நீக்கினார். நேப்பிள்ஸ் நகரத்து எளிய மக்களின் முகங்களும் கொச்சை மொழியுமே திரையை நிறைத்தன. சுவரோவியம் தீட்டும் ஓவியராகப் பசோலினியே தோன்றினார். பெர்லின் விழாவில் படம் ‘வெள்ளிக் கரடி’ விருது பெற்றது; தாயகத்திலோ ஆபாசம் என்ற புகார்கள் குவிந்தன.

வணிக உலகம் அப்படத்தின் உயிரை விட்டு உடலை மட்டும் பற்றிக்கொண்டது. மலிவான போலிப் படங்கள் பல முளைத்தன. மனித உடலின் கள்ளமற்ற தன்மையையும் நுகர்வுச் சந்தை விழுங்கிவிட்டதெனக் கண்ட பசோலினி, 1975இல் இப்படத்தையும் இதனைத் தொடர்ந்த இரு படங்களையும் துறப்பதாக எழுதினார். ஆயினும், அவற்றை எடுத்ததற்காகத் தாம் வருந்தவில்லை என்றார். அவ்வாண்டு நவம்பரில் அவர் கொலையுண்டார்.

பொக்காச்சியோவும் தம் முதுமையில், நண்பர் வீட்டுப் பெண்கள் இந்நூலைப் படிக்க விடலாகாது என்று மடல் எழுதியவரே. ஆனால், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1370ஆம் ஆண்டையொட்டி, அந்நூல் முழுவதையும் தம் கைப்பட மீண்டும் படியெடுத்திருந்தார். அந்தக் கையெழுத்துப்படி இன்றும் பெர்லினில் உள்ளது.

நாணத்தால் ஒருவரும் ஏமாற்றத்தால் மற்றவரும் தம் படைப்பைத் தள்ளி வைத்தனர். படைத்தவர் துறந்தாலும் படைப்பு அவர்களைத் துறக்கவில்லை.