பிரதிபயனும் அறக்கடமையும்

கைம்மாறு பெறாது கொடுத்த வாக்கு நீதிமன்றத்தில் நிற்குமோ? முத்திரையிட்ட உறுதியாலன்றி, பிரதிபயன் இல்லாத வாக்குச் செல்லாது என்பது ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் நெடுங்காலக் கொள்கை. இதனைத் தளர்த்த முயன்றவருள் தலையாயவர் மான்ஸ்பீல்ட் பிரபு. வணிகர் எழுத்தில் தந்த வாக்குக்குப் பிரதிபயன் வேண்டியதில்லை என 1765 இல் அவர் கூறினார். 1778 இல் பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. அவரோ தளராது, மனச்சான்று விதிக்கும் கடமையே தக்க பிரதிபயனாகும் என 1782 இல் உரைத்தார்.

1840 இல் அக்கருத்தும் வீழ்ந்தது. தந்தையை இழந்த சேரா என்னும் சிறுமிக்குப் பாதுகாவலராயிருந்த ஈஸ்ட்வுட், அவளது கல்விக்கும் சொத்தின் பராமரிப்புக்குமாக 140 பவுண் கடன்பட்டார். வளர்ந்தபின் அவள் அக்கடனைத் தீர்ப்பதாக வாக்களித்து, ஓராண்டு வட்டியும் செலுத்தினாள். அவளை மணந்த கென்யனும் அவ்வாறே வாக்களித்தார், பின்னர் கொடுத்தாரில்லை. வழக்கிட்ட ஈஸ்ட்வுட் தோற்றார். அவர் செய்த நன்மை வாக்குக்கு முந்தியது. அறக்கடமை மட்டுமே போதுமெனின் பிரதிபயன் என்பதே வேண்டாததாகிவிடும் என்றார் டென்மன் பிரபு. தர்க்கம் பிழையன்று, ஆயினும் நன்றி மறந்தவனுக்கன்றோ அது துணைநின்றது!

இலங்கையிற் பொதுச் சட்டமாய் நிலவும் உறோமன் டச்சுச் சட்டம் பிரதிபயனைக் கேட்பதில்லை. வாக்குக்குத் தகுந்த காரணம் உண்டா என்றே வினவும். ஜயவிக்கிரம – அமரசூரிய வழக்கில், அறக்கடமையைத் தீர்க்கவோ வள்ளன்மையுடன் உதவவோ ஆய்ந்து அளித்த வாக்கும் இந்நாட்டிற் செல்லும் எனத் தீர்க்கப்பட்டது. 1918 இல் அத்தீர்ப்பை வழங்கிய கோமறைக் கழகம் அமர்ந்திருந்ததும் இலண்டனிலேயே.